நட்சத்திரத்தில் உட்கார்ந்த மஞ்சள் அந்து

வெண்டைக்காய்ப் புழுவைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். காயை நறுக்கும்போது உள்ளே சுருண்டு கிடக்கும். அந்தத் துண்டை மட்டும் தள்ளிவிட்டு மீதியை வதக்கிவிடுவோம். அந்தப் புழு பிழைத்திருந்தால் என்னவாகும் என்று யாரும் யோசிப்பதில்லை. எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்கும் வரை நானும் யோசித்ததில்லை.

வகுப்பில் ஒருத்தி கொடைக்கானல் மலையின் வண்ணத்துப்பூச்சிகள் என்றாள். ஒருவன் அணைக்கட்டு மீன்கள் என்றான். நான் வெண்டைக்காய்ப் புழு என்றதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "சாம்பார்ல போட்டா ஆய்வு சீக்கிரமே முடிஞ்சிரும்" என்றான் அந்த மீன்காரன். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஆய்வுப் பொருளைத் தேடி மலை ஏற வேண்டும், அணையில் இறங்க வேண்டும். எனக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் அது வீடு தேடி வரும். அம்மா வெண்டைத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கோயில் தெருவில் எங்கள் வீடு. கோயில் என்றால் மாதா கோயில். அப்பா கொத்தனாருக்குக் கையாள். அப்பா, அம்மா இருவருக்கும் கைநாட்டுதான். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, நின்று படித்து, வெளியே வந்த முதல் ஆள் நான். தாசில்தார் ஆபீஸில் 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். கல்லூரியில் சேரும்போது சிலர் அதைக் கூச்சத்தோடு மடித்து நீட்டியதைப் பார்த்தேன். நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூச்சிகளைப் போல நானும் ஒரு வகைப்பாட்டில் வருகிறவள்தான். அதில் எனக்குப் பெருமை மட்டுமே உண்டு.

முதலில் அந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்டைக்காயைத் துளைக்கிற புழு வளர்ந்து ஒரு சின்ன அந்துப்பூச்சியாகிறது. இறக்கையைக் கூரை போலச் சரித்து உட்கார்ந்தால் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். எங்கள் பக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் முன்னிறக்கை முழுக்கப் பட்டாணிப் பச்சை. தலை, தோள் எல்லாம் அதே பச்சை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இறக்கையின் குறுக்கே இரண்டு மூன்று மங்கிய கோடுகள் தெரியும், ரப்பரால் பாதி அழித்த பென்சில் கோடு போல. பின்னிறக்கை வெள்ளையாக, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடும். இதற்கு எரியாஸ் இன்சுலானா என்று பெயர். இன்னொன்று மோர் நிறம். தோளிலிருந்து இறக்கை ஓரம் வரை அகன்றுகொண்டே போகும் ஒரு பச்சைப் பட்டை அதன் நடுவில் இருக்கும், ஆப்பு அடித்த மாதிரி. அது எரியாஸ் விட்டெல்லா. இரண்டையும் புழுவிலேயே பிரித்துவிடலாம். பச்சை அந்தின் புழுவுக்கு உடம்பெல்லாம் சதை விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டைக்காரியின் புழுவுக்கு அவ்வளவாக இருக்காது.

இவை எந்தக் குடும்பம் என்பதில்தான் எனக்கு முதல் குழப்பம் வந்தது. கல்லூரி நூலகத்தில் இருந்த அட்டை கிழிந்த பழைய புத்தகம் நாக்டுயிடே என்றது. அது அந்துப்பூச்சிகளில் பெரிய குடும்பம், பயிரைத் தின்கிற பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். போனில் இறக்கிப் படித்த புதிய கட்டுரைகள் எல்லாம் நோலிடே என்றன. அது சின்னக் குடும்பம். நடுவில் எப்போதோ மனிதர்கள் பூச்சியை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"கல்யாணம் கட்டிக் குடுத்த மாதிரியா?" என்றாள்.

"இல்லம்மா. அது பொறந்ததே அந்தக் குடும்பத்துலதான்னு இவுங்க இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்க."

"அதுக்கு அதுகிட்டயே கேட்டிருக்கலாம்."

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டிவிடுவார்கள். மூங்கில் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டிச் செய்ததும் உண்டு, கடையில் வாங்கியதும் உண்டு. உள்ளே ஒரு பல்ப். சாயங்காலம் போட்டால் விடிந்துதான் அணைப்பார்கள். ராத்திரி வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் காலையில் நட்சத்திரத்தின் மூலைகளில் ஒடுங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டு நட்சத்திரத்தை இறக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பூச்சி ஆய்வுக்காரர்கள் காசு போட்டு வாங்குகிற விளக்குப்பொறி எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் பால்காரருக்கு முன்னால் ஸ்டூலும் கையுமாகத் தெருவில் இறங்கினேன்.

எதிர்வீட்டு அத்தை வாசல் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"ஏத்தா, சாமிக்குக் கட்டுன ஸ்டாருக்குள்ள என்னத்தத் தேடுற?"

"அந்து, அத்தை. வெளிச்சத்தப் பாத்து வந்திருக்கும்."

"ஏசு பாலனப் பாக்க மூணு ராசாவும் அப்படித்தான் வந்தாக. அவுகளையும் பாட்டில்ல போட்டு மூடிருவ போலயே."

அந்த அத்தை வீட்டு நட்சத்திரத்தின் கீழ் மூலையில்தான் அது உட்கார்ந்திருந்தது. மஞ்சள் அந்து. வைக்கோலின் நிறம், ஓரத்தில் லேசான பழுப்பு. அளவு, உட்கார்ந்த விதம், வெங்காயத்தோல் பின்னிறக்கை எல்லாம் எரியாஸ்தான். ஆனால் பச்சை ஒரு துளியும் இல்லை. பழைய புத்தகத்தில் இனம் பிரிக்கிற பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தேன். பச்சை இறக்கை என்று ஒன்று இருந்தது, பச்சைப் பட்டை என்று ஒன்று இருந்தது. மஞ்சள் இல்லை. போனில் தேடிப் பார்த்த படங்களிலும் பச்சையாகவே வந்தது. அடுத்த நாள் இன்னொன்று கிடைத்தது. அதற்கடுத்த நாள் இரண்டு.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் பார்க்காத ஓர் இனம் எங்கள் தெருவில் இருக்கிறது, அதைப் பார்த்தவள் நான். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அதை முதலில் எழுதுகிறவருக்கு. ஒரு பெண்ணின் பெயரை வைக்கலாம். லத்தீன் முறைப்படி கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். நோட்டின் பின்பக்கத்தில் அம்மாவின் பெயரை அப்படி எழுதிப் பார்த்தேன். ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் இரண்டு விதமாகத் தப்பாக அச்சாகியிருக்கிற பெயர் அது. அம்மாவுக்கு அதை எழுதவும் வராது, படிக்கவும் வராது.

அன்று சாயங்காலம் அம்மா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெண்டைச் செடியின் சுணை பட்டால் அரிப்பு அடங்காது. அப்பாவின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் போவாள், அப்படியும் மணிக்கட்டில் ஏறிவிடும்.

"அம்மா, புதுசா ஒரு அந்து கெடச்சிருக்கு. இதுவரைக்கும் யாருமே அதுக்குப் பேரு வைக்கல. ஒன் பேர வைக்கப் போறேன்."

"எதுக்கு?"

"அந்துக்கு. வெண்டைக்காய்ப் புழு இருக்குல்ல, அது பெரிசாகி வாரது."

எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பொஸ்தகத்துல வருமா?"

"வரும். ஒலகம் பூரா அதுக்கு அதான் பேரு. யாராலயும் மாத்த முடியாது."

மீதி எண்ணெயையும் தடவிக்கொண்டு எழுந்து போனாள். ஆனால் அடுத்த பறிப்பிலேயே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்கள் வரிசையில் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் சொத்தைக் காய் ஒன்றை உயர்த்திக் காட்டினார்.

"ஏ மதினி, ஒன் வாரிசு ஒண்ணு இங்கன உக்காந்திருக்கு. நசுக்கவா, விடவா?"

"நசுக்கிராத. பேரு வச்ச புள்ள" என்றார் இன்னொருவர்.

"ஞானஸ்நானம் ஆச்சா?"

"அதுக்கு எதுக்குத் தனியா? காயைக் கழுவும்போதே ஆயிருது."

அம்மா குனிந்த தலை நிமிராமல் பறித்தாள். ஆனால் காது வரை சிரிப்பு இருந்தது.

வழக்கமாகச் சொத்தைக் காயைப் பாத்தி ஓரத்தில் போட்டு மிதித்துவிடுவார்கள். இப்போது மிதிப்பதை விட்டுவிட்டார்கள். பூச்சிக்குப் பேர் வைப்பது என்றால் நிறைய வேண்டியிருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்து, ஆளுக்கு ஒரு முந்தானை முடிச்சுச் சொத்தைக் காய் எனக்காகச் சேர்த்தார்கள். புழு உயிரோடு இருக்க வேண்டும் என்று காயை அமுக்காமல் முடிந்து கொண்டுவந்தார்கள். தோட்டக்காரர் வரப்பில் நின்று கத்தினார். "ஏம்மா, காயப் பறிக்கிறீகளா, புழு வளக்குறீகளா?" ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "வீடு பூரா வெண்டைக்கா. வெஞ்சனத்துக்கு ஒரு காய் இல்ல."

வகுப்பில் எனக்கு ஒரே ஒரு நெருங்கிய தோழி. தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரி, விடுதியில் இருந்தாள். மஞ்சளையும் பச்சையையும் அவளுக்குக் காட்டினேன். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்புள்ள, இது ரெண்டும் வேற வேறன்னு எதை வெச்சுச் சொல்ற?"

"நெறத்தப் பாரு."

"எங்கூட்டு மாடு செவலை. கன்னுக்குட்டி வெள்ளை. ரெண்டும் வேற இனமா?"

"மாடும் பூச்சியும் ஒண்ணா?"

"சரி கண்ணு, கோவிச்சுக்காத. பச்சை போட்ட முட்டைல என்ன வருதுன்னு மட்டும் பாத்துப்போட்டு எழுது."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. நவம்பர் கடைசியில் தோட்டத்தில் பிடித்த ஒரு பச்சை அந்து என் கண்ணாடி ஜாடிக்குள் முட்டையிட்டிருந்தது. கடுகில் கால்வாசி கூட இல்லாத முட்டைகள், நீலமும் பச்சையும் கலந்த நிறம், லென்ஸில் பார்த்தால் கிரீடம் போல வரி வரியாக. வாழ்க்கைச் சுழற்சியை எழுதுவதற்காக நான் வளர்த்தவை அவை. இப்போது வெண்டைத் துண்டுகளுக்குள் புழுவாகத் தின்றுகொண்டிருந்தன. பச்சைத் தாய்க்குப் பச்சைப் பிள்ளைகள்தான் வரும், வந்ததும் அவள் முன்னால் கொண்டுபோய் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜாடியின் மேல் வெள்ளைத் துணியை இன்னொரு சுற்றுக் கட்டினேன், வெளியிலிருந்து ஒன்றும் நுழைந்துவிடக் கூடாதென்று.

கிறிஸ்துமஸுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது முதல் புழு கூடு கட்டத் தொடங்கியது. அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புழு முதலில் ஒரு பக்கச் சுவரை எழுப்பியது. பிறகு மறுபக்கம் திரும்பி இன்னொரு சுவர். இரண்டும் தனித்தனியாக நின்றன, நடுவில் புழு. கடைசியில் இரண்டு சுவரின் விளிம்பையும் இழுத்துச் சேர்த்து நூலால் தைத்தது. தைத்த இடம் முதுகெலும்பு போல மேடாக நின்றது. முன்பக்கம் மட்டும் நெடுக்காக ஒரு பிளவு, பின்னால் வெளியே வருவதற்கு. கவிழ்த்துவைத்த தோணி என்று புதிய கட்டுரைகளில் படித்திருந்தேன். நோலிடே குடும்பத்துக்கு இந்தத் தோணிக் கூடு ஒரு முக்கிய அடையாளம். பழைய புத்தகம் தப்பு, புதியது சரி என்பதை யாரோ சொல்லி நம்பாமல் என் மடியிலேயே பார்த்துவிட்டேன். அன்று இரண்டு அதிரசம் கூடுதலாகத் தின்றேன்.

பதினோரு கூடுகள் வந்தன. குளிர் என்பதால் சுணங்கின. புத்தாண்டுக்கு மறுநாள் காலை முதல் கூட்டின் பிளவு விரிந்திருந்தது. வெள்ளைத் துணியின் அடியில் தலைகீழாக ஓர் அந்து, இறக்கை அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது.

மஞ்சள்.

ஜாடி மாறிவிட்டதோ என்று மேலே ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தேன். மாறவில்லை. மறுநாள் இன்னும் மூன்று வந்தன. மூன்றும் மஞ்சள். அடுத்து வந்தது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில், காய்ந்துகொண்டிருக்கிற கொத்தமல்லித் தழை மாதிரி இருந்தது. பதினொன்றில் ஏழு மஞ்சள், மூன்று பச்சை, நடுவில் அது ஒன்று. எல்லாம் ஒரே பச்சைத் தாயின் பிள்ளைகள்.

பழைய புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பட்டியலில் மட்டும் விரல் வைத்துப் பார்த்தவள், இந்த முறை பக்கத்தைத் திருப்பினேன். வாழ்க்கைச் சுழற்சி என்ற தலைப்பின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. வெயில் காலத்தில் பச்சை, குளிர் மாதங்களில் வைக்கோல் மஞ்சள், இடைப்பட்டவையும் உண்டு. எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. படித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்கிறாள்.

தோழியிடம் சொல்வது கஷ்டமாக இல்லை. போனில் சொன்னேன். "அட, தோணியக் கண்ணால பாத்தயல்ல, அதே போதும் போ" என்றாள். கேலி செய்யவில்லை. அம்மாவிடம்தான் வாய் வரவில்லை. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வெளியே வந்தபோது அவள் கோயில் சிஸ்டரிடம், "எம் பேரு பொஸ்தகத்துல வரப்போகுதுங்க சிஸ்டர்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருந்தேன். இரண்டு நாள் ஜாடியைத் துணியால் மூடி வைத்தேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் அப்பா நட்சத்திரத்தை இறக்கிக் கொடுத்தார். அம்மா அதைத் துடைத்து, பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது சொன்னேன்.

"அம்மா, அந்த மஞ்சள் புதுசு இல்ல."

"பின்ன?"

"பச்சைதான் அது. குளிருக்கு மஞ்சளாகுது. அதுக்கு முன்னாடியே பேரு இருக்கு. நாந்தான் சரியாப் படிக்கல."

அம்மா சேலையின் முனையைச் செருகினாள். "அப்ப எம் பேரு?"

"வைக்க முடியாதும்மா."

சுற்றிய நட்சத்திரத்தின் மேல் குனிந்தாள். பிறகு அவளுக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு போ. தோட்டக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? இனிமே மருந்துக் கடையில போயி ஒங்க பேரச் சொல்லித்தான் மருந்து கேக்கணுமாம். 'அந்தம்மாவக் கொல்லுறதுக்கு ஒரு பாட்டில் குடுங்க'ன்னு. எல்லாவளும் சிரிச்சு உருளுறாளுக."

"இம்புட்டு நாளா ஏம்மா சொல்லல?"

"நீ அம்புட்டு ஆசையாச் சொன்ன. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உலகம் முழுக்க விவசாயிகள் திட்டுகிற ஒரு பூச்சிக்குப் பெற்றவள் பெயரை வைக்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுப்படிக்குப் போனவள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அப்ப, பொஸ்தகத்துல ஒண்ணும் வராதா?"

சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்காக நின்றாள்.

நான் ஜாடிகளுக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியை எடுத்து வந்து திறந்தேன். நட்சத்திரங்களில் பிடித்தவை, அந்தச் சொத்தைக் காய்களிலிருந்து வந்தவை என்று ஊசியில் குத்திய அந்துகள் வரிசையாக இருந்தன, இன்னும் சீட்டு மாட்டவில்லை. ஒவ்வோர் அந்தின் கீழும் ஊசியில் ஒரு குட்டிச் சீட்டு மாட்ட வேண்டும் என்று சொன்னேன். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் செடி, பிடித்தவர் யார். அது இல்லாத பூச்சியை யாரும் மதிக்க மாட்டார்கள். பெட்டி எங்கள் துறை அலமாரிக்குப் போகும். எனக்குப் பிறகு வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

"புடிச்சவுக பேரா? எம் பேரா?"

"ஒன் பேருதான்."

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். துறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். நான் தமிழிலும் சேர்த்து எழுதினேன், அரிசி அளவு எழுத்தில். எல்லாச் சீட்டிலும் பிடித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டேன். முதல் முறையாக அது சரியாக எழுதப்படுகிறது என்று எனக்குள் ஒரு நிறைவு. எழுதி முடித்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது சீட்டிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"இத நான் புடிக்கலையே. பட்டை போட்டது கடைசி வீட்டு மதினி கொண்டாந்ததுல வந்தது. மடியில முடிஞ்சு கொண்டாந்து குடுத்துச்சு."

"யாரு கொண்டாந்தா என்னம்மா? ஒன் பேரா இருக்கட்டும்."

"பொய்யா எழுதி வைக்கிறதுக்கா ஒன்னப் படிக்க வச்சோம்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு பக்கத்தைப் படிக்காமல் விட்டவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுதியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு நோட்டை எடுத்தேன். நோட்டில் தேதி இருந்தது. எந்தத் தேதியில் யார் முந்தானையிலிருந்து வந்தது என்பது அம்மாவின் நினைவில் இருந்தது. "அன்னைக்கு மழ பேஞ்சுச்சு, அது நடு வரிசைக்காரி குடுத்தது." "அது பெரிய பூசைக்கு முந்தின நாளு, எல்லாருக்கும் சாக்லேட்டுக் குடுத்தாள்ல, அவ." ஒன்றில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதை அடுத்த பறிப்பில் கேட்டு வந்து சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்து நான்கு பெண்களும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், பெயர் கொடுக்க. அம்மா வரக்காப்பி போட்டாள். கடைசி வீட்டு அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெயர் சொன்னார். யாருக்கும் அது யார் என்று தெரியவில்லை.

"அது என் ஞானஸ்நானப் பேரு. கோயில் பதிவுல அதான் இருக்கு."

"நாப்பது வருசமா ஒன்ன வேற பேரு சொல்லித்தான கூப்புடுறோம்?"

"நீங்க கூப்புடுங்க. பூச்சிக்கு நான் நல்ல பேருதான் குடுப்பேன்."

நடு வரிசைக்காரர் இனிஷியலில் நின்றார். "எங்கய்யா எழுத்தப் போடு. வீட்டுக்காரரு எழுத்து வேணாம். அவரு ஒரு புழுவக்கூட எடுத்துக் குடுத்ததில்ல." போட்டேன். இந்தக் கூட்டத்தில் எதிர்வீட்டு அத்தை எப்போது வந்தார் என்று பார்க்கவில்லை. வாசலிலிருந்தே குரல் வந்தது.

"மொத மஞ்சளு எங்க வீட்டு ஸ்டாருல கெடச்சது. ஸ்டாரும் என்னுது, கரண்டும் என்னுது. எம் பேரு எங்க?"

பிடித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 'கிறிஸ்துமஸ் நட்சத்திர வெளிச்சத்துக்கு வந்தது' என்று எழுதி, யார் வீட்டு நட்சத்திரம் என்பதையும் எழுதி, இரண்டு பேர் பெயரையும் போட்டேன். படித்துக் காட்டியதும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அம்மாவின் முறை வந்தது. அவள் கொண்டுவந்த காய்களிலிருந்து வந்தவை நான்கு. முதலில் எதில் மாட்ட என்று கேட்டேன். பெட்டியின் மேல் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்தப் பச்சையில போடு. மஞ்சளப் பாத்தா சீக்குக் கோழி மாதிரி இருக்கு."

அம்மாவின் பெயர் எழுதிய சீட்டைப் பச்சை அந்தின் ஊசியில் ஏற்றினேன். அதற்குக் கீழே இன்னொரு சீட்டு உண்டு. இனத்தின் பெயர், அதைத் தீர்மானித்தவர் யார் என்று. எரியாஸ் இன்சுலானா, குடும்பம் நோலிடே என்று எழுதி, என் பெயரையும் எழுதி மாட்டினேன்.

"அடியில என்ன?"

"இது இன்னதுன்னு சொன்னவுக பேரு. என்னுது."

"மேல?"

"ஒன்னுது."

ஊசியைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி இரண்டு சீட்டையும் பார்த்தாள். பார்த்து முடித்து நிமிர்ந்தாள்.

"சரி, மூடி வையி. எறும்பு வந்துரும்."